பங்குனியில் எடுத்த மரத்தூள்

நீங்கள் ஆறு பேரும் வேலையில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை என்று சொன்னார்கள். கையில் புதுக் கருவி, காலில் புது ஷூ. எரிசக்தித் தணிக்கை என்றால் என்ன வேலை என்று வீட்டில் யாருக்கும் இன்னும் விளங்கியிருக்காது. நான் முப்பத்துநாலு வருஷம் இதே வேலையில் இருந்தும் என் மாமியாருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. "மருமவ ஊர் ஊராப் போயி கரண்டு பில்லு பாக்குதா" என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பாதி உண்மைதான். ஓர் இடத்தில் எவ்வளவு எரிகிறது, அதில் எவ்வளவு வேலைக்கு ஆகிறது, மீதி எங்கே போகிறது என்று பார்த்துச் சொல்வதுதான் நம் பிழைப்பு.

நான் ஒழுங்காகச் செய்த வேலைகளை உங்கள் மேலாளர் சொல்லியிருப்பார். கொஞ்சம் கூட்டியே சொல்லியிருப்பார், அவர் சுபாவம் அப்படி. நான் சொல்லப்போவது சொதப்பிய ஒன்றை. ஓய்வு பெற ஒன்றரை வருஷம் இருக்கும்போது, அதுவும் சொந்த ஊரான தென்காசியில் வைத்துச் சொதப்பினேன். அதில் அடிபட்டது நான் இல்லை என்பதால்தான் இன்னும் உறுத்துகிறது.

தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் உலகம்மா ஒரு சலவைக் கூடம் நடத்திவந்தாள். என்னோடு படித்தவளின் தங்கை. அவள் வீட்டுக்காரர் ராணுவத்தில், வடக்கே எங்கேயோ இருந்தார். குற்றாலத்து லாட்ஜுகளின் பெட்ஷீட், தலையணை உறை, துண்டு எல்லாம் அவளிடம்தான் வரும். ஆனியில் சாரல் தொடங்கி அருவியில் தண்ணீர் விழுந்துவிட்டால், ஒரு நாளைக்கு மூன்று வேன் துணி. அந்தச் சமயத்தில் கொடியில் போட்டால் ஒரு வாரத்துக்கும் காயாது. அதனால் ஒரு பாய்லர் வைத்திருந்தாள். துவைக்க வெந்நீர், காயவைக்கச் சூடான அறை, இரண்டும் அதிலிருந்துதான். பதினோரு பெண்கள் வேலை பார்த்தார்கள், பாதிப் பேர் ஆய்க்குடியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். பாய்லரைப் பார்த்துக்கொண்டவர் மாடசாமி அண்ணாச்சி. அந்த இடத்தில் அவர் ஒருவர்தான் ஆண். பேச்சு குறைவு, பீடி அதிகம்.

கூடம் கட்டியபோது சுற்றிலும் வயல். பிறகு பிளாட் போட்டார்கள், வீடுகள் வந்தன, மாடிகள் வந்தன. பாய்லரில் எரிந்தது விறகு. புகை நேராக எதிர்வீட்டு மொட்டைமாடிக்குப் போயிற்று. எதிர்வீட்டில் இருந்தவர் ஓய்வுபெற்ற போலீஸ்காரர். அவர் பேத்திக்கு இளைப்பு. தெருவெல்லாம் கையெழுத்து வாங்கி மனு கொடுத்துவிட்டார். மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வந்து பார்த்து, சீசனுக்குள் புகையை நிறுத்தவேண்டும், இல்லாவிட்டால் கூடத்தைப் பூட்டவேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். சீசனில் பூட்டினால் லாட்ஜுகள் வேறு ஆள் பார்த்துக்கொள்ளும், பிறகு திறந்து பிரயோஜனம் இல்லை. பதினோரு பெண்களுக்கும் அது தெரியும்.

அப்போதுதான் உலகம்மா எனக்குப் போன் செய்தாள்.

"யக்கா, அலுமினியத்துல இருந்து கேஸ் எடுக்க மிஷின் ஒண்ணு கொண்டாந்துருக்காங்க. புகையே கிடையாதாம். எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா பயமாவும் இருக்கு. ஒரு எட்டு வந்து பாருங்களேன்."

பங்குனி மாதம். போனேன்.

மிஷின் விற்க வந்தவன் வெளியூர்த் தம்பி, நல்ல பிள்ளை. நெளிந்த அலுமினியத் தூக்குச்சட்டி, ஓட்டை விழுந்த தேக்சா எல்லாவற்றையும் துண்டு துண்டாக வெட்டி ஓர் எவர்சில்வர் டிரம்முக்குள் போட்டான். காஸ்டிக் சோடா கலந்த தண்ணீர் ஊற்றி மூடினான். உள்ளே பொங்கிற்று. குழாய் வழியாக வந்த ஹைட்ரஜனைப் பற்றவைத்தான். எரிவதே கண்ணுக்குத் தெரியவில்லை. அதற்கு மேலே ஓர் எவர்சில்வர் தட்டைப் பிடித்தான். தட்டின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர்.

"பாத்துக்கோங்க, புகைக்குப் பதிலா தண்ணிதான் வரும்" என்றான். பதினோரு பெண்களும் கைதட்டினார்கள். போலீஸ்காரர்கூட மாடியிலிருந்து தலையாட்டினார். உலகம்மா டிரம்மைத் தொடப்போனாள், அவன் பதறிப்போய்த் தடுத்தான், அவ்வளவு சூடு.

எனக்கு அந்தக் கைதட்டல் பிடிக்கவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் இந்த வேலையில் இருந்தால், யாராவது கைதட்டுவதைக் கேட்டாலே கை துறுதுறுக்கும். அங்கேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து தம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு கிலோ அலுமினியத்த மண்ணுலேருந்து பிரிச்செடுக்க எவ்வளவு கரண்டு ஆகும், தெரியுமா?"

"தெரியும் மேடம். பதினாலு யூனிட் பக்கம்."

"அதே ஒரு கிலோவ இந்த டிரம்முல கரைச்சு வர்ற கேஸை எரிச்சா, எவ்வளவு சூடு கிடைக்கும்?"

"நாலு யூனிட்டுக்குள்ளதான்" என்றான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "ஆனா இது பழைய பாத்திரம் மேடம். அந்தப் பதினாலு யூனிட் என்னைக்கோ செலவாயிடுச்சு. அதை எதுக்கு இவங்க தலையில கட்டுறீங்க?"

நியாயமான கேள்வி. உங்களையும் யாராவது ஒருநாள் கேட்பார்கள், அதனால் நான் சொன்ன பதிலைக் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய பாத்திரம் குப்பை இல்லை. அதை உருக்கினால் திரும்பவும் அலுமினியம்தான், புதிதாக எடுப்பதற்கு ஆகிற கரண்டில் இருபதில் ஒரு பங்கு போதும். டிரம்மில் கரைத்துவிட்டால் அது போயிற்று. அதற்குப் பதிலாக எங்கேயோ ஒருவர் புதிதாக எடுத்தாகவேண்டும். அந்தப் பதினாலு யூனிட்டை யார் தலையில் கட்டுவது? நான் கேட்டதும் தம்பி தட்டைத் துடைத்தான். நான் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. பிழை அதற்கு அடுத்தபடியில்தான் இருந்தது.

"அப்பம் நான் என்னத்தத்தான்க்கா எரிக்க?" என்றாள் உலகம்மா.

"மரத்தூள் எரிடி. செங்கோட்டை ரோடு நெடுக மர அறுவை மில்லா இருக்கு. மலை மலையாக் குவிச்சு வச்சிருக்கான். காத்தை ஊதி எரிக்கிற அடுப்பாப் போட்டா புகை வராது."

மில்லுக்குப் போய் ஒரு பை மரத்தூள் எடுத்துவந்தேன். பங்குனி வெயிலில் காய்ந்து, கையில் அள்ளினால் விரலிடுக்கில் ஓடிற்று. ஈரம் பார்த்தேன், அருமை. எரித்துப் பார்த்தேன், அதைவிட அருமை. இரண்டு எரிபொருளையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு அறிக்கை எழுதினேன். அலுமினியப் பத்தியில் சுரங்கத்திலிருந்து ஆரம்பித்து எல்லாச் செலவும் வந்தது. மரத்தூள் பத்தியில், "கழிவுப் பொருள், முன்செலவு இல்லை" என்று ஒரே வரி. மரத்தூள் அமோகமாக ஜெயித்தது.

சித்திரையில் அடுப்பை மாற்றினார்கள். வைகாசி முழுக்கப் புகை இல்லை. போலீஸ்காரர் வீட்டிலிருந்து உலகம்மாவுக்கு முறுக்கு வந்தது. எனக்கும் நாலு கொடுத்துவிட்டாள்.

ஆனி பிறந்து பத்து நாள் இருக்கும், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போன். "யக்கா, கிளம்பி வாங்க. ஒரே புகை. வெள்ளிக்கிழமை ஆபீசர் வாராரு."

மதியம் போய் இறங்கினேன். புகைபோக்கியிலிருந்து வெள்ளைப் புகை கொட்டிக்கொண்டிருந்தது. சாரலில் மேலே போகாமல் தெருவிலேயே படுத்துக் கிடந்தது. காயவைக்கும் அறையில் சூடே இல்லை. ஈரத்துணி மூட்டை மூட்டையாகக் கிடந்தது, இரண்டு லாட்ஜ்காரர்கள் வாசலிலேயே நின்றார்கள். எதிர்வீட்டு மாடியில் ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. போலீஸ்காரர் குடை பிடித்துக்கொண்டு தெருவில் நின்றார். பதினோரு பெண்களும் என்னையே பார்த்தார்கள்.

நான் அடுப்பைத் திறந்தேன். உள்ளே மரத்தூள் எரியவில்லை, வெந்துகொண்டிருந்தது. ஒரு கை அள்ளிப் பிழிந்தேன். உள்ளங்கை நனைந்தது.

"யாரு அண்ணாச்சி இந்த ஈரத்தூளை அள்ளிப் போட்டது?" என்றேன். மெதுவாகக் கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தால் குரல் தெருமுனைவரை போகும். "எரியுதா இல்லையான்னு கண்ணால பாக்க வேண்டாமா? கவனம் இருந்தா இப்படி ஆகுமா?"

மாடசாமி அண்ணாச்சி கையிலிருந்த மண்வெட்டியைச் சுவரில் சாத்திவைத்துவிட்டு வெளியே போனார். பெண்கள் அவரைப் பார்த்தார்கள், பிறகு ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

காய்ந்த தூள் வாங்கி வரலாம் என்று மில்லுக்குப் போனேன். தூள் மலை அப்படியேதான் இருந்தது. திறந்த வெளியில், சாரலில், கறுத்துப்போய்.

"காஞ்ச தூள் இல்லையா?"

மில்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஆனி மாசத்துலயா? நீங்க எந்த ஊரும்மா?"

நான் எந்த ஊர் என்று அவருக்குச் சொல்லவில்லை. தென்காசியில் பிறந்து, சாரல் எப்போது வரும் எப்போது போகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறவள் நான். பங்குனியில் ஒரு பை தூள் எடுத்து, அதை வைத்து ஆனி ஆடிக்குக் கணக்கு எழுதியிருக்கிறேன். இந்தத் தப்பை வெளியூர்க்காரர் யாரும் செய்திருக்கமாட்டார். வருஷம் பூராவும் இங்கே ஈரம் எப்படி இருக்கும் என்று யாரையாவது கேட்டிருப்பார். சொந்த ஊர் ஆச்சே, நான் யாரைக் கேட்க?

திரும்பி வந்தபோது உலகம்மா மேஜைமேல் என் அறிக்கையை விரித்துவைத்திருந்தாள். ஒரு வரி விடாமல் படித்திருக்கிறாள். பல கம்பெனி முதலாளிகள் அட்டையைத் தாண்டி வந்ததில்லை.

"நாலாம் பக்கத்தப் பாருங்க" என்றாள். "அலுமினியத்துக்கு மட்டும் தோண்டின குழி வரைக்கும் போயிக் கணக்குக் கேட்டிருக்கீங்க. மரத்தூளுக்கு யாருக்கா கேட்டா? அது நனைஞ்சா காய வைக்க சூடு வேண்டாமா? அது மட்டும் சும்மா வருமோ?"

நான் அந்தப் பக்கத்தை என் பக்கமாகத் திருப்பிப் படித்தேன்.

"இன்னொண்ணு. அந்த டிரம்ம நான் தொடப் போனேன், அந்தப் பையன் விடலை. அவ்வளவு சூடு. எனக்கு வேண்டியதே வெந்நிதானக்கா? அந்தச் சூட்டை உங்க பேப்பருல எங்கயும் காணுமே."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்ய? அலுமினியம் தண்ணீரில் கரையும்போது டிரம்மிலேயே வரும் சூடு, ஹைட்ரஜனை எரித்தால் வரும் சூட்டுக்கு ஏறக்குறைய சமம். படித்தவள் நான், எனக்குத் தெரியும். தோற்கப்போகிற எரிபொருள்தானே என்று விட்டுவிட்டேன். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னேன் இல்லையா, அது பேனா வரைக்கும் வந்திருக்கிறது.

அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அப்போதிருந்த மேலாளர் பதறவில்லை. "இயக்குபவரின் கவனக்குறைவுன்னு ஒரு வரி சேர்த்து அனுப்பிடுங்க மேடம். ஈரத்தூளைப் போட்டது அவர்தானே? பொய் ஒண்ணும் இல்லையே." என்னால் அவர்மேல் கோபப்பட முடியவில்லை. அவர் எழுதச் சொன்னதை நான் மத்தியானமே எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொல்லியிருந்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

புதன்கிழமை முழுவதும் உலகம்மாவும் நானும் மறுபடி கணக்குப் போட்டோம். கணக்கை எங்கிருந்து தொடங்குவது என்று இரண்டு எரிபொருளுக்கும் ஒரே இடத்தில் கோடு கிழித்தோம். அலுமினியத்துக்கு டிரம் சூட்டைச் சேர்த்தோம். மரத்தூளுக்கு லாரியையும் காயவைக்கும் சூட்டையும் சேர்த்தோம். சீசன் மாதங்களை மட்டும் தனியாகப் பார்த்தோம். அப்போதும் ஹைட்ரஜன் தோற்றது, உலோகத்தில் போட்ட கரண்டில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் திருப்பித் தந்தது. ஆனால் முதலில் நான் காட்டிய மாதிரி அமோகமாகத் தோற்கவில்லை. ஈரத்தூளை அப்படியே எரித்தால் மரத்தூள் ஜெயித்ததாகச் சொல்லவே முடியாது, ஏனென்றால் அந்த அடுப்பு துணியைக் காயவைக்கவே இல்லை. புகைபோக்கியில் வீணாகப் போகும் சூட்டில் தூளைக் காயவைக்க ஒரு கொட்டகை போட்டால் மட்டுமே மரத்தூள் கணக்கு நிற்கும்.

மிஷின் தம்பிக்குப் போன் செய்து, டிரம் சூட்டை விட்டது என் தப்பு என்று சொன்னேன்.

"அப்ப நாம ஜெயிச்சிட்டோமா மேடம்?"

"இல்லப்பா. கொஞ்சம் குறைவாத் தோத்திருக்க."

சிரித்தான். பிறகு, "திரும்பக் கூப்பிட்டு இதச் சொன்ன ஆளு நீங்கதான்" என்றான். அது எனக்குப் பெருமையாக இல்லை.

கொட்டகை வெள்ளிக்கிழமைக்குள் ஆகாது. அதுவரை எதை எரிப்பது? இலஞ்சிப் பக்கம் ஒரு கொப்பரைக் களத்தில் கூரைக்கடியில் தேங்காய்ச் சிரட்டை கிடந்தது, நனையாமல். அதை எரிக்கப் பழைய அடுப்புக் கம்பிகளைத் திரும்ப மாட்டவேண்டும். வியாழன் காலையிலிருந்து சாயங்காலம்வரை மாடசாமி அண்ணாச்சி அடுப்புக்குள் தலையை விட்டு அந்த வேலையைச் செய்தார். நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். முகத்தைப் பார்க்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்க இரண்டு தரம் வாயைத் திறந்தேன். வேலை முடியட்டும் என்று மூடிக்கொண்டேன். அதுவும் தப்புதான், இப்போது தெரிகிறது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு முன்னாலேயே அதிகாரி வந்துவிட்டார். சிரட்டை நன்றாக எரிந்தது, புகைபோக்கிக்கு மேலே வானம்தான் தெரிந்தது. எதிர்வீட்டு மாடிக்கு ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார். பெண்கள் வேலையை விட்டுவிட்டு வாசலில் நின்றார்கள்.

"இப்ப சரியா இருக்கு. மூணு நாளா ஏன் அப்படி இருந்துச்சு? நாளைக்குத் திரும்ப ஆகாதுன்னு என்ன நிச்சயம்?" என்று கேட்டார்.

உலகம்மா பதில் சொல்வதற்குள் போலீஸ்காரர் சொன்னார். கெட்ட எண்ணமே இல்லை, உலகம்மாவுக்கு உதவுகிறதாகத்தான் நினைத்திருப்பார். "பாய்லர் பாக்குத ஆளு கவனிக்கல சார். மேடமே அன்னைக்குச் சொன்னாவ, தெருவுக்கே கேட்டுச்சு. ஆள மாத்திட்டாப் போதும்."

அதிகாரி குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தார். மாடசாமி அண்ணாச்சி அடுப்புப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"அப்படி எழுதாதீங்க சார்" என்றேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை, மறுபடி சொன்னேன். "நான் சொன்னது தப்பு. அவரு போட்டது நான் எழுதிக் கொடுத்த தூளைத்தான். காஞ்ச மாசத்துல எடுத்துப் பாத்துட்டு சாரல் மாசத்துக்கும் இதுவே போதும்னு எழுதினது நான்."

"எழுதித் தருவீங்களா?"

மேலாளர் சம்மதிக்காமல் அலுவலகத் தாளில் எழுத எனக்கு அனுமதி இல்லை. உலகம்மாவின் துணிக் கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, புதுக் கணக்கையும் அதற்கடியில் தப்பு யாருடையது என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதிகாரி நின்றபடியே படித்தார். கொட்டகை முடியும்வரை சிரட்டை, சீசன் முழுக்க வேலை நடக்கலாம், ஆடி பிறந்ததும் வந்து கொட்டகையைப் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். உலகம்மா அப்படியே துணி மூட்டைமேல் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மூன்று நாளாகச் சேர்த்துவைத்திருந்தது.

நான் அடுப்புப் பக்கம் போனேன். பெண்கள் எல்லோரும் அங்கேயே நின்றார்கள். எங்கே வைத்து ஏசினேனோ அங்கேயே வைத்துத்தானே கேட்கவேண்டும்.

"அண்ணாச்சி, என்னை மன்னிச்சிருங்க. தப்புப் பூரா என்னுது. உங்க மேல பழியப் போட்டேன்."

அவர் சிரட்டையை அள்ளிப் போட்டுவிட்டு அடுப்புக் கதவைச் சாத்தினார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"நீங்க ஏசினதுகூட ஒண்ணுமில்லம்மா. படிச்சவிய, அவசரத்துல சொல்லுதீங்க, விட்டுரலாம். இந்தப் பிள்ளைய எல்லாரும் மூணு நாளா எம் மூஞ்சியப் பாக்கல. பிழைப்பக் கெடுத்துட்டானேன்னு. எனக்குச் சோறு இறங்கல, பாத்துக்கோங்க."

பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் டீ வந்தது. எப்போதும் வெளியாளுக்குத்தான் முதல் டம்ளர் வரும். அன்றைக்குத் தட்டோடு வந்த பெண் என்னைத் தாண்டிப்போய், "மாமா, குடிங்க" என்று அண்ணாச்சியிடம் நீட்டினாள். அவர் வாங்கி ஒரு மடக்குக் குடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு உலகம்மாவுக்கு, பிறகு மற்றப் பெண்களுக்கு. எனக்குக் கடைசியாக வந்தது. ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டு, டம்ளரை நானே கழுவி வைத்தேன்.